தொப்பிக்கு எழுந்தவர்

அந்தத் தொப்பி இப்போது எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில், பழுதான மின்விசிறிக்கும் தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்குச் சட்டிக்கும் நடுவில் கிடக்கிறது. மாவு பிசையும் பிளாஸ்டிக் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழைய தமிழ்ப் பேப்பரைக் கிழித்துக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டி, நாலு நாள் வெயிலில் காயவைத்து, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைச் சாயத்தைப் பூசிச் செய்தது. விளிம்புக்கு அட்டை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசல் துரைத் தொப்பிதான், யாரும் ஏமாறலாம். உள்பக்கம் சாயம் பூசவில்லை. திருப்பினால் நினைவஞ்சலி விளம்பரங்கள் தெரியும்: பாதி முகம், பாதிப் பெயர், ‘மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்’ என்று முடிகிற வரிகள். நம்மூர்ப் பேப்பரில் கிழிப்பதற்கு நிறையக் கிடைப்பது அந்தப் பக்கம்தானே. தூக்கிப் போடச் சொல்லி மனைவி மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் சரி என்றேன்.

கலைக்குச் சக்தி உண்டு, அது மக்களை எழுப்பும் என்று மேடைகளில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன், பள்ளி ஆண்டு விழாவில், கழுத்தில் மாலையோடு. எழுப்பும் என்றால் எங்கேயிருந்து எழுப்பும், எழுந்தவர் அதற்குப் பிறகு என்ன செய்வார் என்றெல்லாம் யோசித்ததே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி எங்கள் நாடகத்தைப் பார்த்து ஒருவர் உண்மையாகவே எழுந்தார். அதிலிருந்து அந்தப் பேச்சு என் வாயில் வருவதில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சமாவது தெளியுமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று பக்க வசனம்

எங்கள் தோட்டம் மலேசியாவில், பந்திங் பக்கம். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர அங்கே இப்போது தோட்டம் கிடையாது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இரட்டை மாடி வீடுகள் வந்துவிட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் மூன்று பக்கம் வேலி போட்ட துண்டு நிலத்தில் அப்படியே நிற்கிறது. சித்திரையில் திருவிழா என்றால் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், ஜொகூர் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டு வந்து சேர்வார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு நாடகம் போடுவது பழைய வழக்கம். நடுவில் பல வருடம் விட்டுப்போயிருந்தது. 2019இல் மறுபடி போடலாம் என்றார்கள், எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

ஐம்பது நிமிட நாடகம். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் காட்சியில் தொடங்கி, 1941 கிள்ளான் வேலைநிறுத்தம், ஜப்பான்காரன் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் ரயில், அப்புறம் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது எல்லாம் வந்து, கடைசியில் புத்ராஜெயாவில் முடியும். இங்கிருந்து அது தூரமில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921இல் ஆரம்பித்த பிராங் பெசார் தோட்டம் இருந்த இடம் அது, ‘பெரும் போர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகரத்துக்கு இடம் வேண்டும் என்றபோது அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் ஆட்கள் டிங்கில் அடுக்குமாடிக்குப் போனார்கள். இதையெல்லாம் சேர்த்து நாடகத்தின் கடைசியில் கதாநாயகன் பேச மூன்று பக்க வசனம் வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நானே பேசிப் பார்த்து, ஒரு இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. அந்த மூன்று பக்கத்துக்காகத்தான் மற்ற நாற்பது நிமிடத்தையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் வளர்ந்த விதம் அப்படி. நாடகம் என்றால் செய்தி சொல்ல வேண்டும், ஆளை உலுக்க வேண்டும். 1876இல் நாடகத்துக்கென்றே தனியாக ஒரு சட்டம் போடுகிற அளவுக்கு வெள்ளைக்காரனைப் பயமுறுத்திய கலை இல்லையா. முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக் கொக்கு என்று பாட்டில் வெள்ளைக்காரனைப் பாடி, திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போய், 1940ஆம் வருடம் கடைசி நாளில் மேடையிலேயே உயிரை விட்ட விசுவநாத தாஸின் கதையை என் அப்பா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அதனால் பெர்மிட் வாங்கப் போனபோது அந்த மூன்று பக்கத்தைக் கொஞ்சம் பயத்தோடும், கொஞ்சம் பெருமையோடும் மலாயில் விளக்கிச் சொன்னேன். எத்தனை மணிக்கு முடியும், ஸ்பீக்கர் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

துண்டு

துரையாக நடித்தவன் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். ஆறடி, கொஞ்சம் சிவப்பு, அதனாலேயே அந்த வேடம். வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், கையில் பிரம்பு, தலையில் நான் செய்த தொப்பி. மேடைக்குப் பின்னால் தேரை நிறுத்தியிருந்தார்கள், அந்தப் பக்கமாக வர வழியில்லை. சரி, துரை மட்டும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நடுவழியாக நடந்து வரட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று அன்று சாயங்காலம்தான் முடிவு செய்தோம். பெரிய கலைத் திட்டம் ஒன்றும் இல்லை. தேர் மறித்தது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. வழியை ஒட்டிய நாற்காலியில் கடைசி லயத்துத் தாத்தா உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயமே இல்லாமல் போனாலும் அவர் பெயர் அதுதான். அப்போது அவருக்கு 86 வயது. மேடையில் பெரட்டு நடக்கிறது, தோட்டத்துக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டை வாசிக்கிறார், ஆட்கள் வரிசையாகப் பேர் சொல்கிறார்கள். பின்னாலிருந்து துரை நடந்து வருகிறான். நான் மேடையோரத்தில் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எல்லாம் நேராகத் தெரிந்தது. பூட்ஸ் சத்தத்துக்குத் தாத்தா தலையைத் திருப்பினார். திருப்பிய கையோடு எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமில்லை, தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. அந்த வலது கை தோளுக்குப் போய், துண்டை உருவி, இரண்டாக மடித்து, இடது கக்கத்தில் செருகிய வேகம் இருக்கிறதே, 86 வயதுக் கை செய்கிற வேகம் இல்லை அது. எழுந்து நிற்க நாற்காலியைப் பிடிக்கவேண்டிய மனிதர் எதையும் பிடிக்கவில்லை. முதுகு வளைந்து, கண் தரையில்.

கூட்டம் சிரித்தது. தாத்தாவும் நாடகத்தில் இருக்கிறார் என்று நினைத்தவர்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பேத்தி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், “தாத்தா, உக்காருங்க, தாத்தா.” அவர் உட்காரவில்லை. துரை அவரைத் தாண்டி, படியேறி, மேடைக்கு நடுவில் போய் நிற்கும்வரை அப்படியே நின்றார். அப்புறம் இருபுறமும் பார்த்தார். மெதுவாக, இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தார்.

நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. மைக் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, நம் நாடகம் எவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது பார் என்ற சந்தோஷத்தில் சிரித்தேன்.

மூன்று பக்க வசனம் வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. வசனத்துக்கு நல்ல கைதட்டல். ஆனால் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் சுற்றியது வசனம் இல்லை. யாரோ பக்கவாட்டிலிருந்து எடுத்த 14 விநாடி வீடியோ, தாத்தா எழுந்து துண்டை இடுக்குவது, பின்னால் சிரிப்புச் சத்தம். மேலே நாலைந்து சிரிக்கிற முகங்கள். சாயங்காலத்துக்குள் என் குழுக்கள் ஆறில் வந்துவிட்டது. ஆறாவது குழுவில் போட்டது என் சொந்தத் தம்பி.

அன்றிலிருந்து இரண்டு பேர் சொன்னது என் தலைக்குள் மாறி மாறி ஓடியது. கூட நடித்த நண்பர் ஒருவர், “அதுதாண்டா கலையோட வெற்றி, அவரு நிஜம்னே நம்பிட்டாரு பாரு” என்றார். என் அக்கா நாடகம் முடிந்து காரில் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “எழுபது வருசம் கழிச்சு அந்த மனுசன மறுபடி நிக்க வச்சிட்டீங்க.” முதலில் சொன்னதை நம்ப ஆசை, இரண்டாவதை மறுக்க வழியில்லை. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடம் போட்டு வந்ததைப் பார்த்துப் பயந்து ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது, அதோடு அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். சின்ன வயதில் கேட்டபோது அது நடிப்பின் பெருமையைச் சொல்கிற கதையாகத்தான் பட்டது. அவர் விட்டுவிட்டார் என்ற பாதி இப்போதுதான் காதில் விழுகிறது.

இன்னொரு கதையும் அந்த நாட்களில் ஞாபகம் வந்தது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால், 1971இல் ராணுவ அரசு பிடித்துச் சித்திரவதை செய்து நாட்டை விட்டே போகவைத்த மனிதர், தன் இளமைக்கால அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவரும் குழுவும் ஏழை விவசாயிகள் முன்னால் நாடகம் போட்டு, கடைசியில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடினார்களாம். நாடகம் முடிந்ததும் ஒரு விவசாயி ஓடி வந்து, வாருங்கள், துப்பாக்கியோடு எங்களோடு வாருங்கள், நிலத்தைப் பிடுங்கியவனை இப்போதே விரட்டலாம் என்று கூப்பிட, இவர்கள் அது பொய்த் துப்பாக்கி என்று நெளிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, தான் செய்யத் தயாராக இல்லாததை அடுத்தவனுக்குச் சொல்கிற நாடகத்தை அவர் எழுதவில்லை. படித்தபோது பிரேசில் விவசாயிக்காகப் பாவப்பட்டேன். எங்கள் பொய்த் தொப்பிக்கு முன்னால் எழுந்தவர் அடுத்த தெருவில் இருந்தார், அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நாய் முதலில் வரும்

தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், கடைசி வீடு. ஒரு பிஸ்கட் டின்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போனேன், நோயாளியைப் பார்க்கப் போவதுபோல. தாத்தா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து செம்பனை ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். ஒரு கட்டு விளக்குமாறு விற்றால் கைச்செலவுக்கு ஆகும். ஓலையின் நடுநரம்பில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு, இலை ஒரு பக்கம் விழும், குச்சி இன்னொரு பக்கம் சேரும். அழுத்தாமல், விடாமல், தன் பக்கமாக இழுக்கிற இழுப்பு. பால்மரம் சீவிய கை அதுதான் என்று பார்த்தவுடன் தெரியும்.

“வா தம்பி, நாடகக்காரரு” என்றார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை. “பாத்தேன் அந்தப் படத்த. பேத்தி காட்ட மாட்டேன்னுட்டா. பக்கத்து வீட்டுப் பையன் காட்டுனான்.” இரண்டு குச்சி விழுந்தது. “முதுகு இன்னும் நல்லாத்தான் வளையுது.”

சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. அது யார் என்று தெரியாமலா எழுந்தீர்கள் என்று கேட்டேன். “தெரியாம என்னா? மேஸ்திரி பேரன். அவன் பொறக்கையில அவன் ஆத்தாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே நாந்தான். நாடகம்னு தெரியும், தொப்பி அட்டைன்னு தெரியும். முட்டிக்குத்தான் தெரியல.”

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாடகத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார். வாயைக் கட்டி வைத்திருந்தவர்போல ஒன்றன்பின் ஒன்றாக. “மொதல்ல, உன் தொரை தப்பு. என்னாத்துக்கு அந்தக் கத்து கத்துறான்? தொரை கத்த மாட்டான். கத்துறதுக்குத்தான் கங்காணி இருக்காரு, கிராணி இருக்காரு. தொரை கிராணி காதுகிட்ட மெதுவா என்னமோ சொல்லுவான். என்னா சொன்னான்னு நமக்குக் கேக்காது. கேக்காததுதான் பயம்.” அப்புறம், “நாய் எங்க?” என்றார். எனக்குப் புரியவில்லை. “நாய்தான் மொதல்ல வரும் தம்பி. பழுப்பு நாய், இவ்ளோ ஒசரம். அதப் பாத்ததுமே எல்லாரும் எழுந்துருவோம். சில நாளு நாய் மட்டும் வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போயிரும், தொரை பங்களாவுல தூங்கிக்கிட்டு இருப்பான். அதுக்கும் நிப்போம்.” இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார், பல்லில்லாத வாய் முழுக்க. நானும் சிரித்தேன். இந்தச் சிரிப்பு வேறு.

சிரிப்பு அடங்கி, கொஞ்ச நேரம் குச்சி விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் என்னைப் பார்க்காமலே, “எங்கப்பா ஒரு நாளு எறங்கல” என்றார்.

1941. அவருக்கு எட்டு வயது. கிள்ளான் வட்டாரம் முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த மாதம். சந்தைக்குப் போய்விட்டு அப்பாவும் பிள்ளையும் சைக்கிளில் திரும்பி வருகிறார்கள். பிள்ளை முன் கம்பியில். அப்பா தலையில் காந்தி தொப்பி, அந்த மாதம்தான் புதிதாகப் போட ஆரம்பித்திருந்தார். செம்மண் ரோட்டில் எதிரே துரையின் கார். துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அப்பா இறங்கவில்லை, மிதித்துக்கொண்டே போனார். கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்தன. விரல் நடுங்கியது. “எங்கப்பன் கை நடுங்கி நான் பாத்ததே இல்ல. அதப் பாத்ததும் எனக்குப் பயம் வந்துருச்சு.” கார் பக்கத்தில் வருகிற நேரம் பிள்ளை குதித்துவிட்டான். குதித்து, ரோட்டோரம் நின்று, தலையைக் குனிந்துகொண்டான். சைக்கிள் ஆடியது, விழவில்லை. அப்பா நிறுத்தாமல் மதகுவரைக்கும் போய் அங்கே ஒரு காலை ஊன்றி நின்றார். கார் போய்விட்டது. துரை பார்த்தானா என்றுகூட இவருக்குத் தெரியாது. பிள்ளை நடந்து மதகுக்குப் போனான். அப்பா தூக்கிக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

“திட்டுனாரா தாத்தா?”

“ஒன்னும் சொல்லல. வீடு போயிச் சேர்ற வரைக்கும் ஒன்னும் சொல்லல. ராத்திரி சோறு போட்டுக் குடுத்தாரு. அப்பவும் ஒன்னும் சொல்லல.” கத்தி நின்றிருந்தது. “ரெண்டு வருசத்துல ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டு போயிட்டான். அப்புறம் யாருகிட்ட கேக்குறது?” ஈர்க்கை எடுத்தார். “அன்னிக்குக் குதிச்சேன். இப்ப எழுந்திரிச்சேன். அதான் பாதியிலயே கெளம்பிட்டேன். உன் வசனம் எதுவும் நான் கேக்கல தம்பி, தப்பா நெனைக்காத.”

ஐந்து காசும் சைக்கிளும்

1941 பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதை நடத்திய ஆர்.எச். நாதன், கூலி உயர்வுக் கோரிக்கை, நாதன் கைதானதும் மேயில் வெடித்த பெரிய வேலைநிறுத்தம், இந்தியச் சிப்பாய்களைக் கொண்டுவந்து சுட்டதில் ஐந்து பேர் செத்தது, நாதனை நாடு கடத்தியது. நாடகத்தில் ஒரு காட்சியாகவே இதெல்லாம் வருகிறது. அன்றைய கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் அத்துமீறாமல் இருப்பது, கள்ளுக்கடையை மூடுவது என்று பெரிய பெரிய விஷயங்களுக்கு நடுவே துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருக்கிறது. நாடகம் எழுதும்போது அந்த ஒன்றை நான்தான் வெட்டினேன். நேரம் போதவில்லை, அதோடு உயிர் போகிற பிரச்சினைகளுக்கு நடுவில் அது கொஞ்சம் சில்லறையாகப் பட்டது.

தாத்தா வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரி அந்தப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கூலியை ஐந்து காசு கூட்டிக் கொடுத்தால் ஒரு கணக்கு, பேரம் பேசலாம், குறைக்கலாம். சைக்கிளில் ஒரு காசு கணக்கு கிடையாது. தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் எந்த மரத்திலும் ஒரு சொட்டுப் பால் குறையப்போவதில்லை. அப்படியும் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அது நாடகத்துக்காகத் தவிர வேறு எதற்கு? இருட்டு விலகும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது (பெரட்டு என்ற சொல்லே பரேடு என்பதிலிருந்து வந்ததுதான் என்பார்கள்), மேட்டின் உச்சியில் பங்களா, அந்தத் தொப்பி, மெதுவான குரல், முன்னால் ஓடிவருகிற நாய். ஒரு துரையும் இரண்டு சின்னத் துரையும் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து வேலை வாங்கியது துப்பாக்கியால் மட்டும் நடந்திருக்காது. தினமும் காலையில் ஒரே நாடகம், பார்வையாளர்களுக்கும் அதில் வேடம் உண்டு, எழுந்து நிற்கிற வேடம். வருடக்கணக்காக ஒத்திகை பார்த்தது உடம்பில் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கியது 78 வருடம் கழித்து, அட்டைத் தொப்பிக்கு முன்னால், நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தது.

கலைக்கு அரசியல் சக்தி உண்டா என்று எங்களைப்போல மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்காமல், அது இருக்கிறது என்று தெரிந்துவைத்து, அந்தக் காட்சியில் நடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அந்த ஆட்கள். நான் அதைச் சில்லறை என்று வெட்டியிருக்கிறேன். என் மூன்று பக்க வசனம் யாரையும் எதையும் செய்யவில்லை, கைதட்டல் வாங்கியது. ஒரு வார்த்தை பேசாத தொப்பி செய்தது. ஆனால் அது துரை பக்கத்துச் சக்தி, நாங்கள் தெரியாமல் அதை இரவல் வாங்கிக்கொண்டோம். நண்பர் சொன்ன ‘வெற்றி’ யாருடையது என்று கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா சொன்னதும் முழுசாகச் சரி என்று தோன்றவில்லை. அந்த எழுந்திருத்தல் இல்லாமல் இருந்திருந்தால் மதகுக் கதை அவரோடேயே போயிருக்கும். அவர் பேத்திக்கே அது தெரியாது, உள்ளே அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எனக்கு மைலோ கொண்டு வந்தாள். கதை கிடைத்துவிட்டது, அதனால் சிரித்தது மன்னிக்கப்பட்டது என்றும் சொல்லத் தயாராக இல்லை. இந்த இடத்தில்தான் நான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது ரொம்பத் தயங்கி, இதை நாடகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி மோட்டாரை எடுத்துவிட்டேன், அப்போதுதான் கூப்பிட்டார். “போடறதா இருந்தா எங்கப்பாவுக்கு ஆள் போடாத. ஆரு நடிச்சாலும் அது அவரு இல்ல. சைக்கிள் மட்டும் போகட்டும். பையன் குதிக்கட்டும். அது போதும்.”

2020 திருவிழாவுக்கு முன்னால் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அடுத்த வருடமும் இல்லை. 2022இல் கோயில் வாசலில் மறுபடி பந்தல் போட்டார்கள், நாங்கள் பழைய நாடகத்தைத் தூசி தட்டினோம். துரைக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை இப்போது. மூன்று பக்க வசனம் அரைப் பக்கமானது, முழுசாக எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நாய்க்கு ஒருவர் வீட்டு நாயைக் கொண்டுவந்து பார்த்தோம். அது மேடைக்கு வராமல் குழந்தைகளிடம் பிஸ்கட் கேட்கப் போய்விட்டது. கடைசியில் சங்கிலிச் சத்தம் மட்டும் போதும் என்று முடிவானது. சைக்கிளை மெல்லிய கயிறு கட்டி மேடைக்குக் குறுக்கே இழுக்கவேண்டும், ஆள் இல்லாத சைக்கிள் விழாமல் போவதற்கு மட்டும் நாலு ராத்திரி ஆனது. முன் கம்பியில் எட்டு வயதுப் பையன், என் தம்பி மகன்.

ஒத்திகைக்குத் தாத்தா வந்தார், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு. துரை நடக்கிற நடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரியில்லை என்று. குதிகாலை ஊன்றணும், அவசரப்படக் கூடாது, அவனுக்கு எங்க போகணும், எல்லாம் அவன் இடந்தானே என்றார். நாலு தடவை நடக்கவிட்டார். போர்க்லிப்ட் பையனுக்குப் பொறுமை போய், “நீங்களே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன் தாத்தா” என்று தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டான். யாரும் பேசவில்லை. தாத்தா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல மேலும் கீழும் அசைத்தார். போட்டுக்கொள்ளவில்லை. திருப்பினார். உள்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்து, “இது ஆரு, நம்ம பெரிய கிராணியாரா?” என்றார். பாதி முகம்தான் இருந்தது, மிச்சத்தின் மேல் வேறொரு தாள் ஒட்டியிருந்தது. “கண்ணாடிய எடும்மா” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு, பெயர் தெரிகிறதா என்று விரல் நகத்தால் அந்தத் தாளின் ஓரத்தை மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தார். சைக்கிள் கம்பியில் உட்கார்ந்திருந்த பையன், எப்ப குதிக்கணும், எப்ப குதிக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.